பாட்டி வடைக்கு யாரு காசு கொடுத்தா? பழைய கதையைத் திருப்பிப்போட்டுப் படப்புத்தகம் செய்ய முழுமையான வழிகாட்டி

என் மகள் பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, ஒரு ராத்திரி பாட்டி வடை சுட்ட கதையைச் சொன்னேன். காகம் பாடியது, வடை விழுந்தது, நரி கவ்விக்கொண்டு ஓடியது. கதை முடிந்தது என்று விளக்கை அணைக்கப் போனேன். இருட்டிலிருந்து குரல் வந்தது: “அம்மா, பாட்டிக்கு யாரு காசு கொடுத்தா?”

எத்தனை வருடமாக இந்தக் கதையைக் கேட்டும் சொல்லியும் வருகிறேன்! பாட்டியை அடுப்பருகே உட்கார வைத்துவிட்டு, காகத்தின் பின்னாலேயே பறந்து போயிருக்கிறேன். முதல் போட்டு மாவரைத்தவர் அவர்தான். நஷ்டமும் அவருக்குத்தான். அவரைப் பற்றிக் கதையில் அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை.

அந்த வாரக் கடைசியில் நான்கு தாளை மடித்து, நானும் மகளும் ஒரு படப்புத்தகம் செய்தோம். பாட்டி பக்கத்திலிருந்து சொல்லும் கதை. பிறகு எங்கள் புளோக்கின் வசிப்போர் குழு அறையில் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தேன். இதுவரை இப்படிப் பதினொரு புத்தகம் ஆகிவிட்டது. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். சிங்கப்பூரில் நம் வீடுகளில் நடப்பது நமக்கே தெரியும். நாம் தமிழில் கேட்போம், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். “தமிழில் சொல்லு” என்றால் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதையை நாம் மாற்றிச் சொன்னால், பிள்ளையால் சும்மா இருக்க முடியாது. “இல்ல, அது மைனா இல்ல, நரி!” என்று கையை ஆட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். நம்மைத் திருத்துவதற்காகவே அது தமிழில் பேசும். எந்தப் பயிற்சித்தாளும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

முதல் படி: தாய்க்கதையை நேராகச் சொல்லுங்கள்

திருப்பம் என்பது, திருப்பப்படாத கதை தெரிந்தவருக்குத்தான் திருப்பம். இதை மறந்துவிட்டு, கடைசியில் எழுதிய புதுக்கதையை மட்டும் பிள்ளையிடம் வாசித்துக் காட்டி, “ஏன் சிரிக்கவே மாட்டேன் என்கிறாள்?” என்று கேட்ட பெற்றோர் உண்டு. தாய்க்கதையைக் குறைந்தது மூன்று ராத்திரி, எதையும் மாற்றாமல், வாயால் சொல்லுங்கள். புத்தகம் வேண்டாம். நான்காம் நாள் நீங்கள் பாதியில் நிறுத்தினால் பிள்ளை மீதியைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அடுத்த படிக்குப் போகலாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பிள்ளைகள் மூன்று பன்றிக்குட்டிகளையும் சிவப்புத் தொப்பிப் பெண்ணையும் பாலர் பள்ளியிலேயே ஆங்கிலத்தில் கேட்டுவிடுகிறார்கள். கதை தெரியும், கதைக்கான தமிழ்ச் சொற்கள் தெரியாது. வைக்கோல், சுள்ளி, செங்கல் என்று மூன்று சொல் இல்லாமல் பன்றிக்குட்டிக் கதையைத் தமிழில் தொடவே முடியாது. வைக்கோலைப் பார்த்தே இராத பிள்ளைக்கு, பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டியிருப்பார்களே, அங்கே கூட்டிப்போய்க் காட்டினேன். அது முடியாத மாதத்தில் படம் போதும். ஆனால் தமிழில் நேர்க்கதையைச் சொல்லாமல் திருப்பத்துக்குத் தாவ வேண்டாம்.

இரண்டாம் படி: கதைகள் எப்போதுமே மாறிக்கொண்டுதான் வந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

சில பெரியவர்களுக்கு இதில் தயக்கம் உண்டு. “நம்ம கதையைக் கெடுக்கலாமா?” என்று ஒரு தாத்தா என்னிடம் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

ஈசாப்பின் கதையில் காகத்தின் வாயில் இருப்பது பாலாடைக்கட்டி. நம் ஊருக்கு வந்தபோது அது வடையானது, கூடவே ஒரு பாட்டியும் அடுப்பும் வந்து சேர்ந்தன. புத்த ஜாதகக் கதை ஒன்றில் காகம் நாவல் மரத்தில் உட்கார்ந்து பழம் தின்கிறது, கீழே நரி புகழ்கிறது. காகமும் பதிலுக்கு நரியைப் புகழ்ந்து, கிளையை உலுக்கிப் பழத்தை உதிர்க்கிறது. பொய்ப் புகழ்ச்சி இரண்டு பக்கமும்! பிறகு நாம் பள்ளிக்கூடத்தில் நமக்குள் சொல்லிச் சிரித்த கதை: காகம் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடியது. நரி ஆடச் சொன்னது. அதற்கு மேல் ஆளுக்கொரு முடிவு. ஆக, நம் வடையே ஒரு திருப்பம்தான். காலுக்கடியில் வைத்தது அதற்கும் மேல் ஒரு திருப்பம்.

ஐரோப்பியக் கதைகளும் அப்படியே. பிரான்சில் சார்ல் பெரோ 1697-ல் அச்சிட்ட சிவப்புத் தொப்பிக் கதையில் ஓநாய் பாட்டியையும் தின்கிறது, சிறுமியையும் தின்கிறது, அதோடு முடிந்தது. வேட்டைக்காரர் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவது 1812-ல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட தொகுப்பில்தான். அவர்களும் 1857 வரை பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னது முதல் பதிப்பில் பெற்ற தாய். பிறகு அவரை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். தவளை இளவரசன் கிரிம் கதையில் முத்தத்தால் மாறவில்லை. இளவரசி கோபத்தில் அதைச் சுவரில் வீசி அடிக்கிறாள், அப்போதுதான் மாறுகிறான். மூன்று கரடிகள் வீட்டுக்குள் நுழைந்தவள் தங்கமுடிச் சிறுமி என்றுதானே நினைக்கிறோம்? ராபர்ட் சவுதி 1837-ல் எழுதியபோது அவள் ஒரு கிழவி.

சிண்டரெல்லா ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமில்லை. 9-ஆம் நூற்றாண்டில் சீனாவில் துவான் செங்ஷி எழுதிவைத்த கதையில் யே சியேன் என்ற பெண் இருக்கிறாள். அவளுக்கு உதவுவது தேவதை அல்ல, மீனின் எலும்புகள். மலாய்க்காரர்களிடம் பாவாங் மேரா, பாவாங் பூத்தே, அதாவது சின்ன வெங்காயம், பூண்டு என்று இரண்டு சகோதரிகளின் கதை உண்டு. உங்கள் புளோக்கிலேயே பக்கத்து வீட்டு மக்சியை, அதாவது மலாய் அம்மாவை, கேட்டால் சொல்வார். எங்கள் மாடியில் ஒருவர் சொன்னார். என் மகள் அதைக் கேட்டுவிட்டு, “நம்ம சாம்பார்லகூட ரெண்டு பேரும் இருக்காங்க” என்றாள். அதிலிருந்து ஒரு புத்தகம் பிறந்தது.

மூன்றாம் படி: கதையில் ஓட்டையைத் தேடுங்கள்

இதுதான் முக்கியமான படி. அவசரப்படாதீர்கள், ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல திருப்பம் நம் சாமர்த்தியத்திலிருந்து வருவதில்லை. தாய்க்கதை பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியிலிருந்து வருகிறது. அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பிள்ளைதான் கேட்கும். நாம் கதையை முடிக்கும் அவசரத்தில் “தூங்கு” என்று சொல்லிவிடுகிறோம். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். கேட்ட கேள்வியை, கேட்ட சொற்களிலேயே எழுதுங்கள். என் நோட்டிலிருந்து சில:

“ஆமை ஜெயிச்ச பிறகு முயல் வீட்டுக்குப் போய் என்ன சொல்லுச்சு?”

“குரங்கோட இதயம் மரத்துல இருக்குன்னு சொன்னா முதலை நம்பிடுச்சே, அதுக்கு ஸ்கூல் இல்லையா?”

“புலி வருது புலி வருதுன்னு அந்தப் பையன் ஏன் சொன்னான்? அவனுக்கு பிரெண்ட்ஸ் இல்லையா?”

மூன்றாவது கேள்வியைப் பாருங்கள். பொய் சொன்னால் புலி தின்னும் என்று நாம் சொல்லி வந்த கதைக்குள் தனியாக மாடு மேய்க்கும் ஒரு பையன் இருக்கிறான். நாள் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாதவன். யாராவது ஓடிவர மாட்டார்களா என்று கத்துகிறான். கேட்டது ஏழு வயதுப் பையன். அவன் கேட்ட பிறகு அந்தக் கதையைப் பழையபடி சொல்ல எனக்கு மனமே வரவில்லை.

பிள்ளை கேட்கவில்லை என்றால் நீங்கள் கேட்டுப் பாருங்கள். இந்தக் கதையில் யார் பேசவே இல்லை? யாருக்கு நஷ்டம்? மறுநாள் காலையில் என்ன நடந்திருக்கும்? கெட்டவன் என்று சொன்னவனைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

நான்காம் படி: ஒன்றை மட்டும் திருப்புங்கள்

புதிதாகச் செய்பவர்கள் ஆசையில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள். காகம் ரோபோவாகும், பாட்டி விண்வெளி வீரராவார், வடை பீட்சாவாகும். கடைசியில் பிள்ளைக்கு அது எந்தக் கதை என்றே தெரியாது. திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது, வாயும் திறக்காது. எலும்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரே ஒரு மூட்டு மட்டும் திரும்பட்டும்.

எந்த மூட்டு? பார்க்கும் கண்ணைத் திருப்புவதுதான் எனக்குப் பிடித்தது, அதிகம் தருவதும் அதுதான். ஜான் செஸ்கா எழுதி லேன் ஸ்மித் படம் வரைந்த மூன்று பன்றிக்குட்டிகளின் ‘உண்மைக் கதை’ 1989-ல் வந்தது. அதில் ஓநாய் தன் பக்கத்தைச் சொல்கிறது. எனக்குச் சளி, தும்மினேன், வீடு விழுந்துவிட்டது, பாட்டியின் பிறந்தநாள் கேக்குக்கு ஒரு கோப்பை சர்க்கரை கேட்கத்தான் போனேன் என்கிறது. வைக்கோல், சுள்ளி, செங்கல் மூன்றும் அப்படியே இருக்கின்றன. சொல்கிறவன் மட்டும் மாறியிருக்கிறான். நம்புவதா வேண்டாமா என்று பிள்ளைகள் அரை மணி நேரம் சண்டை போடுகிறார்கள்.

ஆள் மாற்றுவது இன்னொன்று. யூஜின் டிரிவிசாஸ் 1993-ல் ஓநாய்க் குட்டிகளைச் சாதுவாகவும் பன்றியைப் போக்கிரியாகவும் வைத்தார். முடிவைத் திருப்பலாம். ராபர்ட் மன்ச் 1980-ல் எழுதிய கதையில் காகிதப் பையை உடுத்திய இளவரசி டிராகனை ஏமாற்றி இளவரசனை மீட்கிறாள். அவனோ அவள் கோலத்தைக் குறை சொல்கிறான். கல்யாணம் நடக்கவில்லை.

இளவரசனுக்குப் பதில் இளவரசி கையில் வாளைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அது உடையை மாற்றுவது, கதையை மாற்றுவது அல்ல. மன்ச்சின் இளவரசி வாளை எடுக்கவே இல்லை. டிராகனின் பெருமையடிக்கும் குணத்தைப் பிடித்துக்கொண்டு, அதைக் களைக்க வைத்துத் தூங்கப் போடுகிறாள். நம் நரி காகத்திடம் செய்த அதே வேலைதான் அது!

உரிமை பற்றி ஒரு வார்த்தை. பெரோ, கிரிம், பஞ்சதந்திரம், ஈசாப் எல்லாம் பொதுச்சொத்து. சிங்கப்பூரில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். ஆகவே கார்ட்டூன் படங்களில் வரும் இளவரசியின் முகத்தையும் உடையையும் நகலெடுத்து விற்காதீர்கள். கதை உங்களுடையது, அந்த முகம் அவர்களுடையது.

ஐந்தாம் படி: கதையை நம் ஊருக்குக் கூட்டிவாருங்கள்

சிங்கப்பூரில் நரி கிடையாது. என் மகள் நரியைப் பார்த்தது படத்தில் மட்டுமே. அவள் தினமும் பார்க்கும் திருடன் யார்? மைனா! எந்த உணவங்காடி நிலையத்திலும், சாப்பிட்டவர் எழுந்த மறுவிநாடி மேசைக்கு வரும் மஞ்சள் மூக்கு. அதனால் எங்கள் புத்தகத்தில் நரிக்குப் பதில் மைனா. ஒரு திருப்பம்தான் என்று சொல்லிவிட்டு இதையும் மாற்றலாமா என்றால், மாற்றலாம். நரி செய்த வேலையை மைனா அப்படியே செய்கிறது. அது திருப்பம் அல்ல, குடிபெயர்ப்பு.

பாட்டி லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் கடை போட்டிருக்கிறார். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். படத்தில் ஒரு மேசையில் மட்டும் தட்டு அப்படியே கிடப்பதாக வரைந்தோம். அதைப் பார்த்துத்தான் காகம் உள்ளே வருகிறது. பாட்டி மனமிரங்கிக் காகத்துக்கு ஒரு வடையைப் போடலாமே என்றால், அதுவும் முடியாது. பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்ற பலகை நான்கு மொழியிலும் தொங்குகிறது. ஊரின் சட்டமே கதைக்கு முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறது.

பன்றிக்குட்டிகளை வீவக அடுக்குமாடி வீட்டில் குடிவைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே புளோக்கு, கான்கிரீட். ஓநாய் ஊதி ஒன்றும் ஆகாது. மின்தூக்கியில் ஏறி வந்து மணியை அடித்துத்தான் ஆக வேண்டும். கதவைத் திறக்க என்ன சொல்லும்? “பார்சல்!” என்று சொல்லும் என எங்கள் பிள்ளைகள் ஒருமித்து முடிவு செய்தார்கள்.

இந்த மண்ணுக்கே உரிய கதையையும் எடுக்கலாம். செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் வரும் கூர்மூக்கு மீன்கள் கரையில் நிற்பவர்களையெல்லாம் குத்திக் கொல்கின்றன. ஒரு சிறுவன் வாழைத்தண்டை வரிசையாக நட்டு அவற்றைச் சிக்க வைக்கலாம் என்று யோசனை சொல்கிறான். ஊர் பிழைக்கிறது. அவன் புத்தியைக் கண்டு பயந்த அரண்மனை அவனையே கொன்றுவிடுகிறது. அந்த ரத்தத்தால் சிவந்த மலைதான் புக்கிட் மேரா என்று சொல்வார்கள். இந்தக் கதையை இனிப்பாக்கி, சிறுவனுக்குப் பரிசு கொடுத்து முடிக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, “அப்புறம் மலை ஏன் சிவப்பு?” என்று கேட்டாள், என்னிடம் பதில் இல்லை. இருண்ட இடத்தை அழிக்கக்கூடாது, வேறு கண்ணால் பார்க்கலாம். அன்று வாழைத்தண்டு வெட்டிக்கொடுத்த அண்டைவீட்டுக்காரர் சொல்வதாக மாற்றி எழுதினோம். அந்தக் கதை நிலைத்தது.

ஆறாம் படி: பக்கம் பிரியுங்கள்

கடையில் வாங்கும் படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும்போது 8, 16 என்ற மடங்குகளில்தான் பக்கம் வரும், அதனால் அந்தக் கணக்கு. வீட்டுக்கு 16 பக்கம் போதும். நான்கு ஏ4 தாளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நடுவில் மடித்தால் 16 பக்கம் வந்துவிடும்.

முதலில் வெறும் தாளை மடித்து, பென்சிலால் மூலையில் 1 முதல் 16 வரை எண் போடுங்கள். பிறகு பிரியுங்கள். எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் தாளின் ஒரு பக்கத்தில் 16-ம் 1-ம் அடுத்தடுத்து இருப்பதைப் பார்ப்பீர்கள். எண் போடாமல் தனித்தாளில் வரிசையாக வரைந்துவிட்டு மடித்தால், காகம் பாடுவதற்கு முன்பே வடை விழுந்துவிடும். முதல் புத்தகத்தில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது, ஒரு மாலை வேலை வீணானது.

1 முன்னட்டை, 16 பின்னட்டை. நடுவில் ஏழு இரட்டைப் பக்கங்கள். எங்கள் புத்தகம் இப்படிப் பிரிந்தது:

2-3: பாட்டி பத்து வடை சுட்டு அடுக்குகிறார்.
4-5: பாட்டி மாவெடுக்கத் திரும்புகிறார். காகம் படத்தில் மட்டும் இருக்கிறது, எழுத்தில் இல்லை.
6-7: “பத்து சுட்டேன், ஒன்பதுதான் இருக்கு!” மைனாவிடம் விசாரணை.
8-9: மரத்தில் காகம், கீழே மைனா, நடுவானில் வடை.
10-11: மைனா பறந்துவிட்டது. காகத்துக்குப் பசி. பாட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மூலையில் ஒரு வரி: “அப்ப என் வடைக்கு யாரு காசு கொடுப்பா?”
12-13: மறுநாள் காலை, காகம் பத்துக் காசு ஒன்றைக் கொண்டுவந்து கடை மேசையில் வைக்கிறது.
14-15: வடை விலை ஒரு வெள்ளி, அதாவது நூறு காசு. ஆகவே காகம் பத்து நாள் வருகிறது.

பத்து நாள் கணக்கு என் மகளுடையது. தெருவில் கிடக்கும் பத்துக் காசுதான் காகத்துக்குக் கிடைக்கும் என்பதில் அவள் மிகத் தெளிவாக இருந்தாள்.

இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ஒன்று, 8-9. நடுத்தாள் என்பதால் அந்த இரட்டைப் பக்கம் மட்டும்தான் ஒரே தாளில் ஒட்டுமொத்தமாக விரியும். மற்றவற்றில் இரண்டு தாள் சேரும், படம் கொஞ்சம் விலகும். ஆகவே இருப்பதிலேயே பெரிய காட்சியை அங்கே வையுங்கள். இன்னொன்று, வலப்பக்கத்தின் கீழ்மூலை. பிள்ளையின் விரல் அங்கேதான் இருக்கும். கேள்வியை அங்கே விட்டு, பதிலைத் தாளுக்குப் பின்னால் ஒளித்துவையுங்கள்.

ஏழாம் படி: வரிகளை வாயால் எழுதுங்கள்

நான் முதலில் எழுதிய வரி இது: “வடைகளில் ஒன்று காணாமற் போயிருப்பதை அறிந்த மூதாட்டி மிகுந்த கவலையுற்றார்.” வாசித்தேன். மகள் கொட்டாவி விட்டாள். பிறகு, “நீ பாட்டியா இருந்தா என்ன சொல்லுவே?” என்று கேட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “பத்து சுட்டேன், ஒன்பதுதான் இருக்கு!” என்றாள். அதையே எழுதினேன்.

என் வழக்கம் இதுதான். கதை சொல்லும் வரி எளிய எழுத்துத் தமிழில் இருக்கும், யாராவது பேசினால் பேச்சுத் தமிழில் இருக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் பிள்ளைக்குக் குழப்பம் வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் குழப்பத்தை நான் பார்க்கவில்லை. பாட்டி “இருக்கு” என்பார், கதை “இருக்கிறது” என்னும், பிள்ளைகள் தானாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

இரட்டைப் பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி போதும். ஒரு வரி திரும்பத் திரும்ப வரட்டும், மூன்றாம் தடவை பிள்ளைகளே சொல்வார்கள். சத்தங்களை விடாதீர்கள். எண்ணெய் சொய்ங் என்னும், சிறகு படபடக்கும், காசு டணக் என்று விழும். சத்தத்துக்குத் தமிழில் பஞ்சமே இல்லை, கூச்சப்படும் பிள்ளை முதலில் பிடித்துக்கொள்வதும் சத்தத்தைத்தான். தேக்கா, புளோக்கு, எம்ஆர்டி, வெள்ளி என்று நாம் பேசுகிற சொற்களையே எழுதுங்கள். நீதியை மட்டும் எழுதாதீர்கள். “திருடக்கூடாது” என்று கடைசிப் பக்கத்தில் எழுதினால் காகம் பத்து நாள் வந்ததெல்லாம் வீண்.

எட்டாம் படி: எழுத்துக்குத் தெரியாததைப் படம் சொல்லட்டும்

வரைய வராது என்று நின்றுவிட வேண்டாம். வண்ணத்தாளைக் கிழித்து ஒட்டலாம். எங்கள் காகம் கறுப்புக் குப்பைப் பையிலிருந்து வந்தது. வடைக்கு, ஈரக் காப்பித்தூளில் விரலை ஒற்றி எடுத்து, நடுவில் ஓட்டை விட்டோம். மேசையில் விரித்தால் இன்னமும் லேசாக மணக்கும்.

அழகைவிட முக்கியம், படமும் எழுத்தும் ஒன்றையே சொல்லாமல் இருப்பது. செஸ்காவின் ஓநாய் தன்னை அப்பாவி என்கிறது. லேன் ஸ்மித் வரைந்த கேக் மாவுக்குள்ளிருந்து முயல் காதுகள் எட்டிப் பார்க்கின்றன. எங்கள் 6-ஆம் பக்கத்தில் மைனா, “எனக்கு ஒண்ணும் தெரியாது பாட்டி” என்கிறது. அதன் கண் மட்டும் மேலே, மரத்தைப் பார்க்கிறது. பெரியவர் எழுத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது, எழுத்துத் தெரியாத பிள்ளை அந்தக் கண்ணைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததைச் சொல்லாமல் அதனால் இருக்க முடியாது.

சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் மார்க்கர் மறுபக்கம் ஊறும். தனித்தாளில் வரைந்து ஒட்டுவது நல்லது, தவறினால் அந்தப் படத்தை மட்டும் மாற்றலாம். வரையவே நேரமில்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் ஏராளமான படங்கள் உள்ளன. ஓவியர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், தமிழ்க் கதைகளும் இலவசமாகக் கிடைக்கும்.

ஒன்பதாம் படி: தையுங்கள்

ஸ்டேப்ளர் ஊசி பிள்ளை விரலைக் குத்தும், துருவும் பிடிக்கும். நூலால் தைப்பது பத்து நிமிட வேலை. மடிப்பின்மேல் மூன்று துளை போடுங்கள், நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று. உள்பக்கத்திலிருந்து நடுத்துளை வழியே ஊசியை வெளியே எடுங்கள். மேல்துளை வழியே உள்ளே வாருங்கள். உள்பக்கமாகவே நடுவைத் தாண்டிக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே எடுங்கள். மறுபடி நடுத்துளை வழியே உள்ளே வாருங்கள். இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளே இருக்கும். நீளமாக ஓடும் நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை இருக்கும்படி வைத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். பூ கட்டும் நூல் போதும்.

முன்னட்டையில் பிள்ளையின் பெயரை எழுதுங்கள், ‘எழுதியவர்’ என்ற சொல்லோடு.

பத்தாம் படி: கூட்டத்தில் வாசியுங்கள்

வீட்டில் ஒருவருக்கு வாசிப்பது வேறு, பத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பது வேறு. முதலில் தாய்க்கதையை இரண்டு நிமிடத்தில் அவர்களையே சொல்ல வையுங்கள். பிறகு புத்தகத்தைத் திறங்கள். யாராவது “தப்பு!” என்று கத்தினால் நிறுத்துங்கள். “அப்படியா? எப்படி இருக்கணும்?” என்று தமிழில் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். பதில் பாதி ஆங்கிலத்தில் வந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். அதையே முழுத் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

முடிந்ததும் “இந்தக் கதையின் நீதி என்ன?” என்று மட்டும் கேட்காதீர்கள். சண்டை மூட்டும் கேள்வியாகக் கேளுங்கள். எங்கள் புத்தகத்தில் வடையைத் தின்றது மைனா, காசு கொடுத்தது காகம். இது நியாயமா? ஒரு சனிக்கிழமை முழுக்க இதே பேச்சு. எடுத்தது காகம்தானே என்று ஒரு பக்கம். ஒவ்வொரு நாளும் ஆளுக்கு ஐந்து காசு போடணும் என்று இன்னொரு பக்கம். மைனா காசு கொடுக்காது, அதுக்கு வெட்கமே இல்லை என்று ஒரு குட்டிப் பெண்.

வீட்டுப் புத்தகங்கள் சேரச் சேர, நூலகத்துக்கும் போய்வாருங்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்திலும் வட்டார நூலகங்களிலும் தமிழ்ச் சிறுவர் நூல் அடுக்கு இருக்கிறது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும், அதற்குள் ஒரு புத்தகம் முடிப்பது என்று நாள் குறித்துக்கொண்டால் வேலை நகரும்.

பாட்டி புத்தகத்தை முதன்முதலில் கூட்டத்தில் வாசித்த அன்று, பின்வரிசையில் தொடக்கநிலை ஒன்று படிக்கும் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஆறு வாரமாக வருகிறான், தமிழில் ஒரு சொல் பேசியதில்லை. அவன் அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார். 14-15-ஐ விரித்து, கடை மேசையில் காகம் பத்து நாளாகச் சேர்த்த காசுகளைக் காட்டினேன். வெள்ளிக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய காசுகள். அவன் எழுந்து முன்னால் வந்தான். விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினான். மறுபடி எண்ணினான். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அறையே அதிரும்படிக் கத்தினான்:

“ஒன்பதுதான் இருக்கு!”

எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான் ஒட்டியிருந்தோம். பத்தாவது காசை அவனே வெட்டி ஒட்டினான்.